ஒன்பது வருடம் சும்மா கிடந்த அவுட்போர்டு: கயிறை இழுக்கலாமா?

#1 துடுப்பு

வணக்கம். மாமா விட்டுப்போன அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின்) ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வகை, கயிறு இழுத்துக் கிளப்புவது. கடைசியாக ஓடி ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்ததோடு சரி.

மேல் மூடியைத் திறந்து பார்த்தேன். தூசியைத் தவிர பார்வைக்கு மோசமில்லை. டேங்கில் கால்வாசி பழைய பெட்ரோல் இருக்கிறது, பெயின்ட் கடை மாதிரி நாற்றம். கயிறை லேசாகத் தொட்டேன், அசைகிறது. முழுதாக இழுக்கவில்லை. புது பெட்ரோல் ஊற்றி நாலு இழுப்பு இழுத்துப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் போவது வருடத்தில் ஆறு மாதம்தான். மீதி மாதங்களில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர். ஓட வைத்தால் மட்டும் போதாது, ஒழுங்காக எடுத்து வைக்கவும் தெரிய வேண்டும்.

#2 அரைக்கிலோமீட்டர்

இதற்கா இவ்வளவு யோசனை? பழைய பெட்ரோலை வெளியே எடுங்கள், ஸ்பார்க் பிளக்கைத் துடையுங்கள், காற்று போகும் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு அடி, இழுங்கள். என்னுடையது ஏழு வருடம் கிடந்தது. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

#3 உப்புக்கறை

தம்பி, கயிறை விடுங்கள். ஒன்பது வருடம் பொறுத்த எஞ்சின் இன்னும் இரண்டு நாள் பொறுக்கும்.

சிலிண்டர் சுவரில் இப்போது எண்ணெய்ப் படலம் என்று எதுவும் மிச்சம் இருக்காது. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியும் இருக்கலாம். அந்த நிலையில் வறட்டு இழுப்பு இழுத்தால் துருவே அரம் மாதிரி சுவரைச் சுரண்டும். முதலில் இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றியுள்ள குப்பையை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக உள்ளே போய் விழும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றுங்கள். ஃபாகிங் எண்ணெய் ஸ்பிரே (உள்சுவரில் துருப்பிடிக்காமல் பூச்சாகப் படிவது) கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு இரவாவது அப்படியே கிடக்கட்டும்.

மறுநாள் ஃப்ளைவீலை (எஞ்சின் உச்சியில் இருக்கும் கனச் சக்கரம்) கையால் சுற்றுங்கள். பிளக் துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியில் இருக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இறகுகள் மறுபக்கம் மடங்கும். ஒன்பது வருடம் ஒரே பக்கம் வளைந்து காய்ந்த ரப்பர் அது. மடக்கினால் ஒடியும்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே பற்றி: டூ-ஸ்ட்ரோக்கில் மசகு வருவதே பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயில்தான். ஸ்பிரேயில் அந்த அளவுக்கு எண்ணெய் கிடையாது. வறண்ட சிலிண்டருக்குள் அந்த ஸ்பிரேயின் ஈதரை வெடிக்க வைப்பது எஞ்சினை எழுப்புவது ஆகாது, கன்னத்தில் அறைவதுதான்.

#4 அரைக்கிலோமீட்டர்

கிளம்பியதே!

#5 உப்புக்கறை

கிளம்பியது சரி. எத்தனை நாள் ஓடியது?

#6 அரைக்கிலோமீட்டர்

அது வேறு கதை.

#7 துடுப்பு

சரி, ஸ்பிரே வேண்டாம். பிளக் இரண்டும் கழற்றியாயிற்று. மேல் பிளக் சுலபமாக வந்தது. கீழ் பிளக் முக்கால்வாசி வந்து இறுகிக்கொண்டது. ஊடுருவும் எண்ணெய் அடித்து, அரைச் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால் என்று இருபது நிமிடம் கெஞ்சி எடுத்தேன். முனையில் கறுப்புக் கரியும் பழுப்புத் துருவும் கலந்து இருந்தன.

ப்ரொப்பெல்லர் நடுவில் புகை வெளியேறும் பொந்துக்குள் விரலை விட்டால் கெட்டியாக என்னவோ தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மண். குளவி கூடு கட்டியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி ஒரு கைப்பிடி மண் எடுத்தேன். இந்த நிலையில் கயிறை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டேன். ஃப்ளைவீல் சுற்றுகிறது. முதல் சுற்றில் மணல் அரைவது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இல்லை.

#8 பதிமூன்றாம் ஸ்பேனர்

சுற்றினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான், முழுதாகத் தாண்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனை இருக்கிறது.

ஒன்று கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இரண்டு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, அழுத்த அளவியை ஒரு துளையில் முறுக்கி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை நாலைந்து இழுப்பு. இப்போது கயிறை இழுக்கலாம். இந்த மாதிரி சின்ன எஞ்சின்களில் 90-லிருந்து 120 பி.எஸ்.ஐ. வரை வருவது சகஜம். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை.

இரண்டாவது ஸ்பார்க். அளவி வைத்துச் சோதிக்கும்போது பிளக் வயர்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. சிடிஐ (எலெக்ட்ரானிக் ஸ்பார்க் அமைப்பு) உள்ள எஞ்சினில் ஸ்பார்க் போக வழியில்லாமல் சுற்றினால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் (கம்பிச்சுருள்) அடி வாங்கும். வயரில் பிளக்கை மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சின் பிளாக்கில் கவ்வி வைத்து எர்த் கொடுங்கள், ஆனால் பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கிருந்து வருவது எண்ணெய், பெட்ரோல் ஆவி.

#9 துடுப்பு

மேல் சிலிண்டர் 95. கீழ் 80. ஸ்பார்க் சுத்தமாக இல்லை, இரண்டிலும். இருட்டறையில் வைத்துப் பார்த்தும் இல்லை. காயில் போய்விட்டதா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

#10 உப்புக்கறை

முன்பக்கம் சிவப்புப் பட்டன் ஒன்று இருக்குமே, அதன் அடியில் சொருகும் கிளிப் இருக்கிறதா? ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறோடு வரும்.

#11 துடுப்பு

கிளிப் இல்லை. அது இல்லாமல் ஸ்பார்க் வராதா?

#12 உப்புக்கறை

அது இல்லை என்றால் எஞ்சின் என்ன நினைக்கும் தெரியுமா, ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று. இங்கே "ஸ்பார்க் இல்லை" என்று வருகிற கேள்விகளில் பாதி இந்தக் கிளிப்பில் போய் முடியும். புதுக் கிளிப் வாங்குங்கள், உங்கள் பட்டனுக்குப் பொருந்துவதாகப் பார்த்து. சோதனைக்கு மட்டும் பட்டனின் வயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் பழி பட்டன் மேல். படகில் ஏறும்போது மட்டும் அந்த வயர் கழன்றபடி இருக்கக் கூடாது. கைப்பிடி நழுவி ஆள் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் போவதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

#13 துடுப்பு

வயரைக் கழற்றினேன். மேல் சிலிண்டரில் நீல ஸ்பார்க், "டிக்" என்று சத்தத்தோடு. கீழே மஞ்சளாக, வரவா வேண்டாமா என்று. கீழ்ப் பிளக் தொப்பியை வயரிலிருந்து முறுக்கிக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. வயரின் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் தொப்பியை மறுபடி முறுக்கினேன். இப்போது அதுவும் நீலம். காயிலுக்கு எடுத்து வைத்த காசை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.

#14 நூல்கண்டு

ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், நன்றாகப் போகிறது. 95-க்கும் 80-க்கும் வித்தியாசம் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் இப்போதே கலங்க வேண்டாம். ரிங் கரியில் ஒட்டியிருந்தால் சூடாகி ஓடிய பிறகு விடுபடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

#15 துடுப்பு

அடுத்தது கார்புரேட்டர். கழற்றிவிட்டேன். அடிக்கிண்ணத்தைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு பிசின், அதன் மேல் பச்சைப் பூஞ்சணம் மாதிரி. மிதவை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

#16 பதிமூன்றாம் ஸ்பேனர்

பெட்ரோல் ஆவியாகிப் போனால் மிஞ்சும் பிசின் அது. பச்சை, பித்தளையின் களிம்பு.

கலவைத் திருகை (காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்வது) கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். மெதுவாக உள்ளே முறுக்கி, உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த எண்ணிக்கைதான் தொடக்கப் புள்ளி. உட்கார்ந்த பிறகு ஒரு நூலிழை கூட இறுக்க வேண்டாம், ஊசிமுனை மழுங்கிவிடும்.

ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உலோகத்தை மட்டும் கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறப் போடுங்கள். ஜெட்டில் (பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) ஊசியோ குத்துக்கம்பியோ விட வேண்டாம். பித்தளை மெத்து. துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் எஞ்சின் காலம் முழுக்க அதிகமாகக் குடிக்கும். மின்வயரின் செம்பு இழை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தூண்டில் நைலான் நரம்பு. அப்புறம் காற்று அடித்து, ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஜெட்டுக்குள் வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது.

மிதவை ஊசி, கிண்ணத்தின் கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அதுவும் புதிது. கையால் பிதுக்கும் பெட்ரோல் பந்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

#17 துடுப்பு

வெளிச்சப் புள்ளி விஷயம் கச்சிதம். மெயின் ஜெட்டில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் நாள் பிறை. மூன்றாம் நாள் முழு நிலா.

அடுத்தது தண்ணீர் பம்ப் என்று நினைக்கிறேன். அவசியம் பிரிக்க வேண்டுமா? பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்து, தண்ணீர் பீய்ச்சினால் அப்படியே விடலாமா?

#18 உப்புக்கறை

பிரியுங்கள். மற்றதில் எதை விட்டாலும் இதை விட வேண்டாம். அந்த ரப்பர் சக்கரம்தான் எஞ்சினுக்கு இதயம் மாதிரி. இறகு வளைந்து வளைந்துதான் தண்ணீரைத் தள்ளுகிறது. வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். மெதுவாக ஓடும்போது பீய்ச்சும், வேகம் கொடுத்தால் தண்ணீர் போதாமல் போகும். அதைக் கரையில் கண்டுபிடிக்க முடியாது, நடுத்தண்ணீரில்தான் தெரியும்.

கியர்பெட்டியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி மொத்தமும் நாலைந்து போல்ட்டில் கழன்று இறங்கும். அதற்கு முன் கியர் மாற்றும் கம்பியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். எந்த இடத்தில் இணைப்பு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. அலுமினிய உடம்பில் எஃகு போல்ட், உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஊறிப்போயிருக்கும். வராத போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். என் முதல் எஞ்சினில் ஒரு போல்ட்டை முறித்துவிட்டு, மிச்சத்தைத் துளைபோட்டு எடுக்க ஒரு வாரம் ஆனது. சூடு காட்டுங்கள், ஆறவிடுங்கள், ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். சூடு காட்டும் இடத்தில் பெட்ரோல் வாசனையே இருக்கக் கூடாது, எண்ணெயும் ஆறிய பிறகுதான். திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டிலும் கடல் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான்.

#19 துடுப்பு

பிரித்துவிட்டேன். நல்லவேளை.

இம்பெல்லரில், அதாவது அந்த ரப்பர் சக்கரத்தில், ஆறு இறகு இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது. இருக்கும் மூன்றும் நாய்க் காது மாதிரி மடிந்து நிற்கின்றன. நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிறது. விழுந்த மூன்றும் எங்கே?

#20 உப்புக்கறை

தண்ணீர் போகும் வழியில்தான். பம்புக்கு மேலே போகும் செம்புக் குழாயில் முதலில் பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் எஞ்சின் பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில், இல்லையென்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) அடியில். தேடி எடுத்தே ஆக வேண்டும். புது இம்பெல்லர் போட்டாலும் பழைய துண்டு ஒன்று குறுக்கே நின்றால் எஞ்சின் கொதிக்கும்.

#21 துடுப்பு

செம்புக் குழாயின் மேல்முனையில் இரண்டு துண்டு. குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியதும் விழுந்தன. மூன்றாவது இல்லை. கீழிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் அடித்தேன், மேலே பிளாக்கிலிருந்து நன்றாகத்தான் வெளியே வருகிறது. தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டும் அசையவில்லை. #18-ஐப் படித்த பிறகு அதை முறிக்க மனம் வரவில்லை. வெளியே போயிருக்கும் என்று நம்புகிறேன்.

#22 உப்புக்கறை

நம்பிக்கை நல்லதுதான். எஞ்சின் தலையில் கை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புது இம்பெல்லரை உட்கார்த்தும்போது இறகுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, மூடியைக் கீழே அழுத்திக்கொண்டே தண்டைக் கடிகார திசையில் சுற்றுங்கள். எல்லா இறகும் ஒரே பக்கம் படியும். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சின்னச் சாவித் துண்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளத் தண்டின் பல்லில் கிரீஸ் தடவலாம். தண்டின் உச்சந்தலையில் தடவ வேண்டாம். அங்கே கிரீஸ் சேர்ந்தால் அது முழுதாக மேலே ஏறி உட்காராது, போல்ட்டை இறுக்கும்போது கிராங்க் ஷாஃப்ட்டை நெம்பும்.

#23 நூல்கண்டு

கீழ்ப்பகுதி கையில் இருக்கும்போதே கியர் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். கீழ்த்திருகு, அப்புறம் மேல்திருகு. முதலில் என்ன சொட்டுகிறது என்பதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள்.

#24 துடுப்பு

பிடித்தேன். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன் தெளிந்த தண்ணீர். அப்புறம் பால் காப்பி நிறம்.

#25 நூல்கண்டு

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றித் தண்டில் பாருங்கள், தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும். பத்தில் ஏழு தடவை அதுதான்.

இதில் எனக்கு ஒரு பழைய புண் இருக்கிறது. ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். கியர் ஆயில் மாற்றியாயிற்று என்று சொன்னார்கள், நானும் நம்பி அப்படியே கொட்டகையில் நிறுத்திவிட்டேன். மாற்றவே இல்லை. உள்ளே கால் லிட்டர் தண்ணீர் இருந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் பெட்டியின் அடியில் போய் நிற்கும். வசந்தத்தில் பார்த்தால் கீழ்ப்பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, முடிவெட்டிய வகிடு மாதிரி நேர்க்கோட்டில். அந்தப் பெட்டியே போனது. அதிலிருந்து யார் மாற்றினாலும் நானே ஒருமுறை திருகைத் திறந்து பார்ப்பேன்.

#26 துடுப்பு

நரம்புதான். ஒன்றரை மீட்டர் இருக்கும், ஒரு பந்து மாதிரி. சீல் இரண்டும் மாற்றிவிட்டேன்.

#27 பதிமூன்றாம் ஸ்பேனர்

புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல்துளையில் எண்ணெய் குமிழில்லாமல் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடுங்கள், அப்புறம் எண்ணெய் ஏற்றும் பம்பை எடுத்துக் கீழ்த்திருகை மூடுங்கள். முறை மாறினால் எல்லாம் வழிந்து காலில் கொட்டும். இரண்டு திருகுக்கும் வாஷர் புதிதாக. எண்ணெயின் வகையை எஞ்சினின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் கலவை: டேங்கில் போடுவது தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக்குக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெயாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் வேண்டாம். அது காற்றில் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்குச் செய்தது, இதில் பிளக்கிலும் ரிங்கிலும் படியும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பழைய எஞ்சின் சிலதற்கு 25-க்கு 1, அதாவது 40 மில்லி. மூடியில் அல்லது கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

#28 அரைக்கிலோமீட்டர்

இனியாவது இழுக்கலாமா? எனக்கே பொறுக்கவில்லை.

#29 உப்புக்கறை

இழுக்கலாம். வெட்டவெளியில், பீப்பாய்த் தண்ணீரில். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் அந்தத் தட்டையான தகட்டுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள், பீப்பாய் காலியாகாது, விரலும் மிஞ்சும். வறட்டு ஓட்டம் ஒரு நொடியும் வேண்டாம், புது இம்பெல்லர் கருகிவிடும். கொட்டகைக்குள்ளும் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வேகம் கொடுக்கக் கூடாது. சுமை இல்லாமல் எஞ்சின் தறிகெட்டுப் பாயும்.

#30 துடுப்பு

ஓடுகிறது!!!

பந்தைப் பிதுக்கிக் கெட்டியாக்கி, சோக் இழுத்து, ஏழாவது இழுப்பில் ஒரு இருமல். எட்டாவதில் வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்துக்கு முற்றமே தெரியவில்லை. உள்ளே ஊற்றிய எண்ணெய் எல்லாம் எரிகிறது போல. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் முதலில் சொட்டுச் சொட்டாக. நிறுத்திவிட்டு மெல்லிய கம்பியை அந்தத் துளையில் விட்டேன், செம்மண் மாதிரி கொஞ்சம் வந்தது. மறுபடி கிளப்பியதும் பென்சில் கனத்துக்குத் தாரை. பத்து நிமிடம் ஓடியது. தலையில் கை வைத்தேன், சூடு, ஆனால் வைத்திருக்க முடிகிறது.

மறுபடி கம்ப்ரஷன் எடுத்தேன். மேல் 105, கீழ் 97. மாமாவுக்குப் போன் போட முடியாதே என்றுதான் ஒரு நிமிடம் இருந்தது.

#31 நூல்கண்டு

வாழ்த்துகள். ப்ரொப்பெல்லரைத் திரும்ப மாட்டும்போது தண்டில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். சீசன் முடியும்போது வாருங்கள், மீதிப் பாதியைச் சொல்கிறோம்.

#32 துடுப்பு

வந்துவிட்டேன். ஐந்து மாதம் ஓட்டினேன். ஒரே ஒரு குறை: வெயில் நாளில் அரை மணிக்கு மேல் வேகமாக ஓட்டினால் தலை கொஞ்சம் அதிகமாகச் சூடாகும், தாரையும் மெலியும். வேகம் குறைத்தால் சரியாகிவிடும். தண்ணீரில் உறைச்சல் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#33 பதிமூன்றாம் ஸ்பேனர்

பெட்ரோலிலிருந்து. இப்போதெல்லாம் பெட்ரோலில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எத்தனால் கலந்து வருவது பல இடங்களில் வழக்கம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். 10 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஐந்து மில்லி அளவுக்குத்தான் தண்ணீர் கரைந்து நிற்கும். குளிர் ஏற ஏற அந்தத் தாங்கும் அளவு குறையும். ஒரு இரவு கடுங்குளிர் வந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக நிற்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயோ மேலே பெட்ரோலோடு போய்விடும். ஆக வசந்தத்தில் எஞ்சின் முதல் வாய் குடிப்பது எண்ணெயில்லாத தண்ணீர்ச் சாராயம்.

அதனால் டேங்கைக் காலி செய்யுங்கள். அல்லது ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றி நிறைய நிரப்பி வையுங்கள், அதுவும் கடைசி ஓட்டத்துக்கு முன்னால். ஊற்றிய பிறகு பத்து நிமிடம் ஓடினால்தான் கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். எடுத்து வைத்த பிறகு டேங்கில் மட்டும் ஊற்றுவது வாசலில் நிற்பவருக்கு உள்ளே பாய் விரிப்பது மாதிரி.

#34 நூல்கண்டு

நான் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விடுவேன். கிண்ணம் காலி, கதை முடிந்தது.

#35 பதிமூன்றாம் ஸ்பேனர்

டூ-ஸ்ட்ரோக்கில் எனக்கு அது பிடிக்காது. கடைசி அரை நிமிடம் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகும்போது எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. எஞ்சின் நிற்கும் முன் வேகம் எகிறுமே, அது அந்த வறட்சிதான். போதாததற்குக் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் எப்போதும் மிஞ்சும். கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து விடுவது ஐந்து நிமிட வேலை.

#36 நூல்கண்டு

இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறேன், என் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

#37 உப்புக்கறை

இரண்டு பேரும் சொல்வதைச் சேர்த்தே செய்யலாம். குழாயைக் கழற்றி, எஞ்சின் தடுமாறத் தொடங்கும்போது காற்று வாயில் ஃபாகிங் எண்ணெயை அடித்துக்கொண்டே இருங்கள். புகை கக்கி மூச்சுத் திணறி நிற்கும். வறட்சியும் இல்லை, உள்ளே முழுக்க எண்ணெய்ப் பூச்சும் ஆயிற்று. மிச்சத்தை வடிதிருகில் விடுங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இன்னொரு அடி, கையால் இரண்டு சுற்று, பிளக்கை மாட்டிவிடுங்கள்.

நடுவில் படிக்கும் வேறு யாருக்காவது: எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சினை இப்படி வறள விட வேண்டாம். அதன் அழுத்தப் பம்புக்குப் பெட்ரோல்தான் மசகு. ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலை இப்போதே மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. ஓடிய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், குளிர்காலம் முழுக்க அதில் பேரிங் ஊற வேண்டாம்.

#38 துடுப்பு

உப்புத் தண்ணீரிலும் நாலைந்து தடவை ஓட்டினேன். அதற்கு?

#39 உப்புக்கறை

இதெல்லாவற்றுக்கும் முதலில் அதைச் செய்யுங்கள். நல்ல தண்ணீர் பீப்பாயில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடானால்தான் தலைப்பக்கத்து உப்பு கழுவப்படும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் கீழே மட்டும் குளித்த மாதிரி. எஞ்சின் உடம்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

கியர் ஆயிலை இப்போதே வடித்துப் பாருங்கள். நூல்கண்டு சொன்ன வகிடு யாருக்கும் வேண்டாம்.

எஞ்சினை நேராக நிறுத்தி வையுங்கள். தண்ணீர் தானாக வடிந்துவிடும். படகிலேயே சாய்த்துத் தூக்கி வைத்தால் ப்ரொப்பெல்லர் பொந்தில் மழை நிறைந்து உறையும். மேல் மூடியைப் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்க்கும். புகைப் பொந்தில் ஒரு துணியைச் சொருகி, அந்தத் துணியின் வால் வெளியே தொங்கட்டும். குளவிக்கு வீடு கொடுத்தது போதும்.

#40 அரைக்கிலோமீட்டர்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சீசன் ஓடியது. கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் சுவர் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு, பூனை கீறிய மாதிரி. ஸ்பிரே டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

#41 துடுப்பு

எல்லாம் ஆயிற்று. கழுவினேன், புகை போட்டேன், வடித்தேன். கியர் ஆயில் சுத்தமாகத் தேன் நிறத்தில் வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளக் இரண்டும் கையால் மட்டும் முறுக்கியிருக்கிறேன். அது மறந்து போகாமல் இருக்க, ஸ்டார்ட்டர் கைப்பிடியில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டேன்: "உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிளக் இறுக்கவில்லை. கியர் ஆயில் புதிது." தேதியும் போட்டிருக்கிறேன்.

கடைசியாக, வெயில் நாள் சூடு மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் தெர்மோஸ்டாட் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து மாதம் சூடாகி ஆறியதாலோ என்னவோ, போல்ட் இரண்டும் சொன்னபடி கேட்டன. மூடியைத் தூக்கினால் அடியில், தண்ணீர் வரும் துளையின் விளிம்பில், கறுப்பாகச் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது மூன்றாவது இறகு.